நாமக்கல்லுக்குப் போகாத படம்

காது கேளாதவர்களுக்காக ஒரு சின்ன வேலை செய்துகொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ எதிரில் இருப்பவர் சொல்வது அவர்களுக்குப் புரியவில்லை என்றால், போனில் ஒரு லிங்கைத் தொட்டால் போதும். பிரௌசரிலேயே வீடியோ திறந்து, சைகை மொழி தெரிந்த ஓர் அக்கா வருவார். அக்கா சேலத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. சர்வரைப் பார்த்துக்கொள்வது நான், சூரமங்கலத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியிலிருந்து.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். அக்கா போன் செய்தார்.

"நாமக்கல்ல ஒரு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடுறாங்கம்மா. லிங்க் திறக்குது, படமே வரல. என்னன்னு பாரு."

அங்கிருந்த நர்ஸை வார்டு லேண்ட்லைனில் பிடித்தேன். எருமப்பட்டிப் பக்கத்துப் பெண்ணாம், இருபத்து மூன்று வயது, பிறவியிலேயே காது கேளாது. குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். அவள் போனிலேயே எங்கள் லிங்க் இருந்ததாம்; டீச்சர் வருவார் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"டாக்டரு வயித்தைத் தொட்டு, வெட்டி எடுக்கணும்னு கையில காட்டுனாருங்க. அந்தப் புள்ள கையெழுத்துக்கு நீட்டுன பேனாவைத் தூக்கி வீசிருச்சு. கொழந்தையத் தாலாட்டற மாதிரி காட்டிக் காட்டி அழுவுதுங்க. கர்ப்பப்பையை எடுக்கப் போறோம்னு நெனச்சுக்கிச்சாட்டம் இருக்குது. கண்ணாலம் ஆயி ரெண்டு மாசந்தானுங்களாம்."

"எழுதிக் காட்டலாமே?"

"படிக்கத் தெரியலீங்க. ஊட்டுக்காரரு லாரியில வடக்க போயிருக்காரு. மாமியாரு நான் கையெழுத்துப் போடறேன்கறாங்க, டாக்டரு ஒத்துக்கல. புள்ளைக்குப் புரிஞ்சு அதுவே போடணும்கறாரு."

வைஃபையை விட்டுவிட்டு மொபைல் நெட்டில் வரச் சொன்னேன். வார்டுக்குள் டவரே இல்லையாம். வாட்ஸ்அப் வீடியோவும் அந்த வைஃபையில் போகவில்லை. ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த பெண்ணை வெளியே தூக்கி வரவும் முடியாது.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு பிரௌசர்கள் நேராகப் பேசிக்கொள்ள, வெளியுலகில் தன் முகவரி என்ன என்று முதலில் ஒவ்வொன்றும் ஒரு சர்வரைக் கேட்டுக்கொள்ளும். பெரும்பாலும் அதுவே போதும். ஒரு பக்கத்து நெட்வொர்க் இறுக்கமாக இருந்தால் மட்டும், படத்தை ஒருவரிடம் வாங்கி மற்றவருக்குக் கொடுக்க நடுவில் ஒரு ரிலே சர்வர் வேண்டும். ரிலேயை நான் வைத்துத்தான் இருந்தேன். ஆனால் அது காத்திருந்த போர்ட்டை, அதாவது இணைப்பு நுழைகிற வாசலை, ஆஸ்பத்திரி வைஃபை அடைத்திருந்தது. சாதாரண வெப்சைட்டுகள் போகிற 443ஆம் வாசல் மட்டுமே அங்கே திறந்திருந்தது. அதிலும் ரிலேயை வைக்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். வீட்டு வைஃபையில் சோதித்தபோது படம் பளிச்சென்று வந்ததால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ரிலே இருந்த சர்வரின் 443இல் எங்கள் வெப்சைட்டே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சோதனைக்கு வைத்திருந்த இன்னொரு சர்வரில் ரிலேயைப் போட்டேன். பிரௌசர் அதை நம்புவதற்கான சான்றிதழை ஆன்லைனில் வாங்கினேன். நர்ஸின் லைனைத் துண்டிக்காமல் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். சொல்லாகாத அந்தப் பெண்ணின் குரல் அதில் விட்டுவிட்டு வந்தது. என் விரல்கள் தப்புத் தப்பாக அடித்தன.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று டாக்டர் கேட்பதும் கேட்டது.

"இப்பப் பாருங்க," என்றேன்.

"கருப்பாத்தான் இருக்குதுங்க."

சர்வர் தன் வேலையைக் குறித்து வைக்கும் லாகைப் படித்தேன். ரிலே தன் உள்முகவரியையே உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளிமுகவரி எழுத வேண்டிய வரியை அவசரத்தில் காலியாக விட்டிருக்கிறேன். எழுதினேன். ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடி திறக்கச் சொன்னேன்.

நர்ஸ் திறந்தார். பிறகு, "வந்துருச்சுங்க, வந்துருச்சு. டீச்சரு தெரியறாங்க!"

எனக்கு அந்தப் படம் தெரியாது. ரிலே வழியாகப் போகிற பைட்டுகளின் எண் ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கர்ப்பப்பை இல்லை, குடலில் ஒட்டிய சுண்டுவிரல் அளவு வால்தான் என்று அக்கா புரியவைத்தாராம். குழந்தை பிறக்குமா என்று அந்தப் பெண் மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் பிறக்கும் என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்திருந்தது. சுத்தம் செய்து தைத்தார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் தாமதித்த நேரத்தில்தான் வெடித்ததா என்று டாக்டரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் துணிவில்லை. அந்த வாரம் முழுக்க சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆஸ்பத்திரி, பேங்க் என்று ஒவ்வொன்றாக ஏறி, அவர்கள் வைஃபையைக் கெஞ்சி வாங்கி, இணைப்பைச் சோதித்துக்கொண்டு திரிந்தேன்.

அக்கா அவளை நேரில் போய்ப் பார்த்து வந்தார்.

"என் தப்புன்னு அவகிட்டச் சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"டீச்சர் வேணும்னே வராம இருக்காங்கன்னு நெனச்சாளாம். அப்படி இல்லன்னு தெரிஞ்சதே போதும்னா."