எடையில்லாத கன்டெய்னர்கள்

துறைமுகங்களையும் சரக்கு ரயில் பாதைகளையும் குறித்து, நாடு முழுமைக்கும் போட்ட திட்ட வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் ஆம்பூர் வழியாகப் போகும் கோடு நல்ல தடிமனாக இருக்கும். அதைத் தடிமனாக்கியது நான். கூட நாலு பேர் உழைத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் அதை ஒல்லியாக்கியதும் நான்தான் என்பதால், பெருமையில் பெரிய பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஷிப்பிங் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். மற்றவர்கள் ஷூவைத் தைத்து முடித்ததும் என் வேலை ஆரம்பிக்கும். எத்தனை அட்டைப்பெட்டி, எத்தனை ஜோடி, என்ன எடை, எவ்வளவு இடம் அடைக்கும் என்று பேக்கிங் லிஸ்ட் போட்டு, சுங்கத்துக்குக் காகிதம் அனுப்பி, கன்டெய்னருக்குச் சீல் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று ஆபீசில் சொல்வார்கள். அங்கே கப்பல் கிளம்பிக்கொண்டிருக்கும்போது இங்கே லாரி சுங்கச்சாவடியில் நின்றால் அவர்களுக்கும் வரும்.

விரிஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரே வீட்டில் இருக்கும் என் அண்ணியும் அதே பஸ்ஸில் வருவார். எங்கள் கம்பெனியில் இரண்டு தையல் லைன். அண்ணி இரண்டாவது லைனில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார். அவர் சம்பளத்தில்தான் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள்.

கப்பல்கள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகின்றன. முன்பு இரண்டு மூன்று கப்பல்கள் சேர்ந்து ஏற்றியதை இப்போது ஒரே கப்பல் ஏற்றிவிடுகிறது. அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆழம் வேண்டும். எல்லாத் துறைமுகத்திலும் நிற்காது. வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதனால் நாட்டுக்கே சேர்த்து ஒரு திட்டம் போட்டார்கள். ஆழமான சில துறைமுகங்களை மட்டும் தேர்ந்தெடுப்பது. உள்நாட்டில் சரக்கு அதிகமாகக் கிளம்பும் இடங்களில் ரயில் முனையம் கட்டி, அங்கிருந்து சரக்கு ரயிலை நேராகத் துறைமுகத்துக்குள் விடுவது. முனையம் கிடைத்த ஊருக்குக் கப்பல் கிடைக்கும். கிடைக்காத ஊர் லாரியில் போய்த் துறைமுக வாசலில் வரிசை கட்ட வேண்டியதுதான். ஒரு கப்பலை விட்டால் ஒரு வாரம் போச்சு.

எங்களிடம் ஷூ வாங்கும் பெரிய பையர் ஜெர்மனிக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். பெரிய கப்பலில் தவறாமல் சரக்கு ஏற வழி இருந்தால் இரண்டு லைனுக்கும் ஆர்டர், இல்லையென்றால் ஒரு லைனோடு சரி, மீதியை வியட்நாமுக்குக் கொடுத்துவிடுவேன் என்று எழுதிவிட்டார். எங்கள் ஏற்றுமதி மேனேஜர் அதை ரகசியமாகத்தான் எங்களிடம் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முனையம் வருமா வராதா என்று கேட்டார். ஆம்பூருக்கு வராமல் வேறு எந்த ஊருக்கு வரும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

திட்டத்தின் முதல் வரைவை வேலூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் காட்டினார்கள். சரக்கு எவ்வளவோ அவ்வளவு தடிமனாகக் கோடு போட்டிருந்தார்கள். ஓசூருக்கு என் சுண்டுவிரல் தடிமன். அரக்கோணத்தைச் சுற்றிப் பெரிய வட்டம். வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வழியாக ராணிப்பேட்டை வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு. முனையம் என்ற பேச்சே எங்கள் பக்கம் இல்லை.

நான் எழுந்து பொரிந்து தள்ளிவிட்டேன். டெல்லியில் ஏசி அறையில் உட்கார்ந்து கோடு போட்டால் இப்படித்தான் இருக்கும், ஒரு நாள் எங்கள் நெடுஞ்சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா, பத்து நிமிஷத்துக்கு ஒரு கன்டெய்னர் போகிறதே அது கண்ணில் படவில்லையா என்றெல்லாம் கேட்டேன். பின்னாலிருந்து கைதட்டல்கூட வந்தது. திட்டக்குழுவின் அதிகாரி ஒரு அம்மா. நன்றாகத் தமிழ் பேசினார். நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திரையில் போட்டார். எங்கள் ஏற்றுமதியாளர் சங்கம் போன வருஷம் அனுப்பிய படிவம் அது. கீழே என் கையெழுத்து.

"இது நீங்க குடுத்த கணக்குதானேம்மா?" என்றார்.

ஆமாம், நான் கொடுத்ததுதான். சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் சரக்கையெல்லாம் ஒன்று சேர்த்துக் கொடுக்கும் வேலையைச் சங்கம் என்னிடம் விட்டிருந்தது. எத்தனை கன்டெய்னர் என்று சொல்லலாம், அல்லது எத்தனை டன் என்று சொல்லலாம் என்று படிவத்தில் இருந்தது. நான் டன்னைத் தேர்ந்தெடுத்தேன். சின்னக் கம்பெனிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே கன்டெய்னரில் சரக்கு போடுவார்கள். கன்டெய்னரை எண்ணினால் ஒன்றையே மூன்று பேரும் தன்னுடையது என்று சொல்வார்கள். எடையில் அந்தக் குழப்பம் வராது என்று, மூளையைக் கசக்கி, கிலோ சுத்தமாகக் கூட்டிக் கொடுத்தேன். இவ்வளவு சுத்தமான கணக்கு எந்த ஊரிலிருந்தும் வரவில்லை என்று சங்கத்தில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நினைத்துக்கொண்டு ஹாலில் நின்றபோது பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. முதலில் கை தட்டியவர்கள் இப்போது இருமினார்கள்.

மறுப்புச் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று அந்த அம்மா கூட்டத்தை முடித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"தப்பா போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"தப்பில்ல அண்ணி. சரியாத்தான் போட்டேன். அப்புறம் எப்படி கம்மியாச்சுன்னுதான் புரியல."

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் லோடிங் நடந்துகொண்டிருந்தது. எங்கள் லோடிங் மேஸ்திரி கன்டெய்னரை அடுக்கினால் அட்டைப்பெட்டிக்கு நடுவில் தீக்குச்சி நுழையாது. அவர் கடைசிப் பெட்டியைத் தோளால் தள்ளி உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார். நான் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன் போலிருக்கிறது. "இன்னா மேடம் பாக்குறீங்க? இனிமே ஒரு ஜோடிகூட போவாது" என்றார். வண்டி எடை மேடைக்குப் போய்த் திரும்பியதும் டிரைவர் எடைச் சீட்டை என்னிடம் நீட்டினார். போன வாரம் அவர் கிருஷ்ணகிரியில் கிரானைட் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். "கல்லு ஏத்தினா பாதிப் பொட்டிக்கே டயர் அழுவுது. உங்க லோடு காலி வண்டி ஓட்டற மாதிரி" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன். ஷூப் பெட்டிக்குள் இருப்பது பாதிக்கு மேல் காற்றும் காகிதமும்தான். கன்டெய்னர் கூரை வரைக்கும் நிறைந்துவிடும், எடை மட்டும் ஏறாது. திட்டம் போட்டவர்கள் நான் கொடுத்த டன்னை, கனமான சரக்கு ஏறிய கன்டெய்னரின் எடையால் வகுத்திருக்கிறார்கள். அப்படி வகுத்தால் எங்கள் கன்டெய்னரில் பாதிக்கு மேல் காணாமல் போகும். ஆனால் கப்பலுக்கும் ரயிலுக்கும் கன்டெய்னர் அடைக்கும் இடம்தானே முக்கியம்? ஷூ கன்டெய்னர் லேசாக இருக்கிறது என்பதற்காக ரயிலில் அரை இடத்தில் உட்காருமா?

பேக்கிங் லிஸ்டின் கடைசி வரியில் சிபிஎம் என்று ஒரு எண் போடுவோம். சரக்கு எத்தனை கன மீட்டர் இடத்தை அடைக்கிறது என்பது அது. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் என் கையால் போடுகிறேன். மூன்று கம்பெனி ஒரு கன்டெய்னரில் சேர்த்துப் போட்டாலும் அவரவர் சிபிஎம் தனித்தனி. கூட்டினால் ஒன்று இரண்டாகாது. இத்தனை நாள் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் டன்னைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே ஸ்கூட்டரை எடுத்தேன்.

வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஒரு கம்பெனி விடாமல் ஏறி இறங்கினேன். போன வருஷத்துப் பேக்கிங் லிஸ்டையெல்லாம் கொடுங்கள் என்றால் எல்லோரும் தயங்கினார்கள். பையர் பெயர் அதில் இருக்கும். பக்கத்துக் கம்பெனிக்காரன் தெரிந்துகொண்டால் பிழைப்பு போய்விடும் என்று பயம். நியாயமான பயம்தான். காகிதத்தின் மேல்பாதியை மடித்து வைத்து, கடைசி வரியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றேன். மடித்த காகிதத்துக்கு எல்லோரும் சம்மதித்தார்கள். ஒரு முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, பாதிக் காகிதம் கேட்டு வந்த முதல் ஆள் நீதான் என்று கேலி செய்தார். ஒன்பதாவது நாள் கூட்டி முடித்து, ஒரு கன்டெய்னர் கொள்ளும் சிபிஎம்மால் வகுத்தேன். வரைவில் எங்களுக்குப் போட்டிருந்த கன்டெய்னரைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே வந்தது.

காகிதத்தை மட்டும் அனுப்பினால் இன்னொரு காகிதம் என்றுதான் நினைப்பார்கள். அதனால் அந்த அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரம் ஆம்பூருக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவரும் வந்தார். மேஸ்திரி அன்றைக்கு வழக்கத்தைவிட நெருக்கமாக அடுக்கினார். மேல் வரிசைப் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் அந்த அம்மா கையை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. பிறகு எங்களோடு எடை மேடைக்கு வந்து சீட்டைக் கையில் வாங்கிப் படித்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

"இது உங்க ஊருக்கு மட்டும்தானா?" என்று கேட்டார்.

"திருப்பூர் பனியன் இப்படித்தான் மேடம் இருக்கும். கரூர் போர்வையும். அவங்களும் டன்னுலதானே குடுத்திருப்பாங்க?"

அவர் காரின் பானெட் மேல் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தார்.

ஆறு வாரம் கழித்து அடுத்த வரைவைச் சென்னையில் காட்டினார்கள். நாடு முழுவதற்கும் டன் கணக்கை எடுத்துவிட்டு, அடைக்கும் இடத்தை வைத்துக் கன்டெய்னரைக் கணக்கிட்டிருந்தார்கள். திரையில் வரைபடம் வந்ததும் நான் முதலில் தேடியது எங்கள் பாலாற்று ஓரத்தைத்தான். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் கோடு தடித்துக் கிடந்தது. நடுவில் எங்களுக்கென்று ஒரு முனையம். அதைக் கட்டி முடிக்கும்வரை, இருக்கிற ஸ்டேஷனின் சரக்குத் தளத்திலிருந்து அடுத்த சீசனுக்கே வாரம் ஒரு ரயில் விடுவதாகவும் போட்டிருந்தது. இந்த மாற்றம் ஆம்பூரில் ஒரு எடை மேடையில் ஆரம்பித்தது என்று அந்த அம்மா மேடையிலேயே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த திருப்பூர்க்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நாங்களும் டன்னில்தானம்மா எழுதிக் கொடுத்திருந்தோம் என்றார். அவர் கோடும் தடித்திருந்தது.

அந்த வரைபடத்தை மேனேஜர் ஜெர்மனிக்கு அனுப்பினார். ஐந்தாவது நாள் பதில் வந்தது: இரண்டு லைனுக்கும் ஆர்டர். லைனில் போய் நீயே சொல் என்று மேனேஜர் மைக்கை என் கையில் கொடுத்தார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். அத்தனை பெண்களும் என்னையே பார்த்தார்கள். நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"போன வருஷம் நம்ம ஊர் சரக்கைக் கம்மியாக் காட்டினது நான்தான்" என்றேன். "வேணும்னு செய்யல. இப்போ சரியாக் காட்டிட்டேன். ரெண்டாவது லைன் நிக்காது. அடுத்த சீசனுக்கும் ஆர்டர் வந்துடுச்சு."

நாலாவது வரிசையில் அண்ணி எழுந்தார். மெஷின்களுக்கு நடுவே நடந்து வந்து, என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"ரெண்டு மாசமா இவ வீட்ல ஒழுங்கா சோறு துன்னல" என்றார். "கை தட்டுங்கடி."

தட்டினார்கள். சூப்பர்வைசர் இரண்டு தடவை பெல் அடித்த பிறகும் நிறுத்தவில்லை.