ரப்பர் பையும் என் வயிற்றெரிச்சலும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஏலத்தோட்டத்து ஜீப்பு டிரைவரான என் கணவருக்குப் போடி ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. வெகுநேரமாகியும் யாரும் வெளியே வராததால் ஆபரேஷன் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். இளம் நர்ஸ் ஒருத்தி அவர்மேல் குனிந்து, தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"கையை எடுடி!" என்று கத்தினேன்.

அவள் எடுக்கவில்லை. மறுகையால் ஒரு ரப்பர் பையை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மார்பெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"சதையத் தளர்த்துற ஊசி ஒத்துக்கலம்மா. மூச்சு அடைச்சிருச்சு. மதியத்துலருந்து இந்தப் பிள்ளதான் பையை அமுக்கி மூச்சுக் குடுக்குது," என்றார் பக்கத்தில் நின்ற டாக்டர்.

என் கணவர் பிழைத்துக்கொண்டார். பிறகொரு நாள் அவளுக்கு ஏலக்காய் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணே நல்லா மூச்சு விடுறாரா அக்கா?" என்று கேட்டாள்.

அதற்கும் பொறாமைப்பட்டேன். பல வருடம் கழித்தும் பக்கத்தில் அவர் குறட்டை விடும்போது தோன்றும்: அந்த மூச்சை ஒரு மதியம் முழுக்கக் கையில் வைத்திருந்தவள் நானில்லை.