வராத பாயசத்துக்குப் போட்ட மருந்து

பெரியம்மா மகளுக்குக் கேரளத்து உதியன்குளங்கரையில் கல்யாணம். எனக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டிலிருந்து புறப்படும்போது அம்மா, "இன்னைக்கு போளியும் பாயசமும் தின்னு மக்கா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். நான் அதை நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருவது அந்த நம்பிக்கையின் மேல்தான்.

ஒன்பது வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, வகுப்பில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்புதான் இடுப்பில் இன்சுலின் பம்ப் வந்தது. கையில் ஒட்டியிருக்கும் சென்சார் காட்டுவதைப் பார்த்து, சர்க்கரை இறங்கப்போகிறது என்று தெரிந்தால் அதுவே இன்சுலினை நிறுத்திவிடும். ஒரு வேலை மட்டும் என்னுடையது. என்ன சாப்பிடப் போகிறேன் என்று முன்கூட்டியே கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தகுந்த மருந்தை அது உள்ளே விடும். விட்ட மருந்தைத் திரும்ப எடுக்க அதற்கு வழியில்லை. இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபோது அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். என்னைவிட ஒழுங்காகவே எழுதினாள்.

எனக்கு நோய் இருப்பது வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பம்பைப் பாவாடைக்குள் சொருகிவிட்டு, யார் கேட்டாலும் போன் என்று சொல்லச் சொல்வாள். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன்.

பந்தியில் சாம்பார் முடிந்ததும் தூரத்தில் பாயச வாளி தெரிந்தது. ஒரு போளி, இரண்டு கரண்டி பால்பாயசம். கணக்கை அழுத்தினேன். பம்ப் மருந்தை விட்டது. போளியைப் பிய்த்துப் பாயசத்தில் குழைத்துத் தின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. வாயில் எச்சில் ஊறியதை ஏன் மறைக்க வேண்டும்?

பாயசம் விளம்பிக்கொண்டு வந்தவர் என் இலையைத் தாண்டிப் போனார். கூப்பிட்டேன். அவர் திரும்பி, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "மோளுக்கு ஷுகர் உண்டல்லோ. மதுரம் கொடுக்கண்டான்னு அம்மை பறஞ்சு" என்றார். இனிப்பு கொடுக்க வேண்டாமென்று அம்மா சொன்னாளாம். பக்கத்து இலைகளில் கைகள் நின்றன.

உள்ளே போன மருந்துக்கு ஈடாக மோருக்குச் சோறு வாங்கியாவது தின்றிருக்க வேண்டும். தெரியும். ஆனால் அவமானமும் கோபமும் கண்ணை மறைத்தன. இலையை மடித்துவிட்டு எழுந்துபோனேன்.

மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போது பிளவுஸ் வியர்வையில் நனைந்தது. பம்ப் இடுப்பில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இன்சுலினை அது எப்போதோ நிறுத்தியிருந்தது. அதனால் முடிந்தது அவ்வளவுதான். மணப்பெண்ணின் பக்கத்திலேயே சரிந்தேன். அம்மா ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள்.

பேச்சு வந்ததும் கேட்டேன். "நீயாக்கும் சொன்னது?"

"உனக்க நல்லதுக்காக்கும் மக்கா. ஒரு மெஷின நம்பி அவ்வளவு இனிப்பு தின்ன விட முடியுமா?"

"பின்ன காலைல எதுக்கு தின்னுன்னு சொன்ன?"

"நீ அழாம வரணும்லா."

இத்தனை நாள் என்னை ஒளித்துவைக்கச் சொன்னதை, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைக் கேட்கவும் எனக்கு அப்போது தெம்பில்லை.

அடுத்த வாரம் டாக்டரிடம் அம்மாதான் முதலில் பேசினாள். மெஷின் சரியில்லை, பிள்ளை விழுந்துவிட்டது என்றாள். டாக்டர் பம்பில் பதிந்திருந்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கிய கோடு, இன்சுலின் நின்ற நேரம், அதற்கு முன்பு நான் அழுத்திய கணக்கு, எல்லாம் அதில் இருந்தன.

"மெஷின் ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறது. நீதான் சாப்பிடாமலே சாப்பிடப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். ஏன் செய்தாய்? உயிர் போயிருக்கும், தெரியுமா?" என்று மலையாளத்தில் சத்தம் போட்டார். என் வயதுப் பிள்ளைகள் இப்படி ஏதாவது விளையாடிப் பார்ப்பதுண்டாம்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். டாக்டர் என் பதிலுக்குக் காத்திருந்தார். நான் அவள் பதிலுக்குக் காத்திருந்தேன்.

அம்மா என் தோளில் கை வைத்தாள். "டாக்டர் சொல்லுதது கேக்குதா மக்கா? இனி இப்படி செய்யப்பிடாது, என்ன?" என்றாள்.