ஓரத்துல குண்டு, நடுவுல ஒல்லி

எனக்கு எழுபத்தி நாலு வயசு. பெத்தது அஞ்சு, வளர்த்தது ஆறு. ஆறாவது என் நாத்தனார் மகன். அவனையும் கணக்குல சேர்த்துத்தான் ஆகணும், ஏன்னா அதிகமா சாப்பிட்டது அவன்தான். பெங்களூரு ஸ்ரீராம்புரத்துல ஊதுவத்தி உருட்டியே எல்லாரையும் ஆளாக்கினேன். நான் படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்து பெரிசு பெரிசா வரும், மெதுவா வரும், ஆனா வரும். அதனால இதை நானே எழுதறேன்.

இருக்கறது கடைசி மகன் வீட்டுல. அவன், அவன் பொண்டாட்டி, காலேஜ் போற பேத்தி, நான். போன வருஷம் தீபாவளிக்கு என் மகன் தட்டை டிவி ஒண்ணு வாங்கிட்டு வந்தான். அதைச் சுவத்துல மாட்டினதும் காலண்டரும் சாமி படமும் சமையல் ரூமுக்குக் குடி போயிடுச்சு. சாமி ஒண்ணும் சொல்லல. எங்க வீட்டுல இருக்கற சாமிக்கு ஒதுங்கிப் போறது பழக்கம்தான்.

டிவியைப் போட்டதும் செய்தி வாசிக்கற பொண்ணு வந்துது. முதல் நாள் வரைக்கும் நல்லா ஒல்லியா இருந்த பொண்ணு. இப்ப கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பியிருக்கு. நெத்தியில இருந்த வட்டப் பொட்டு முட்டை மாதிரி படுத்துக் கிடக்கு.

"ஏன்டா, இந்தப் பொண்ணுக்கு உடம்புக்கு என்ன?"

"டிவி பெரிசும்மா. அதான் பெரிசா தெரியுது."

"பெரிசுன்னா உயரமும் ஏறணும் இல்ல? அகலம் மட்டும்தான் ஏறுமா?"

அவன் ரிமோட்டைக் கையில எடுத்துக்கிட்டான். பேத்திதான் சொன்னா. சேனல்காரங்க இன்னும் பழைய பொட்டி டிவிக்கு ஏத்த மாதிரிதான் படம் அனுப்பறாங்களாம். புது டிவி நீட்டமா இருக்கறதால அந்தப் படம் இதுல பத்தாது. ஒண்ணு இழுக்கணும், இல்ல மேலயும் கீழயும் வெட்டணும், இல்ல ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டுடணும். ரிமோட்டுல அதுக்குன்னு ஒரு பட்டன். அமுக்க அமுக்க படம் வேற வேற வேஷம் கட்டும்.

முதல் வேஷத்துல ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. நடுவுல படம் ஒழுங்கா இருந்துது, பொட்டு வட்டமா இருந்துது. நான் சரின்னு சொல்றதுக்குள்ள என் மகன் பதறிட்டான்.

"இவ்ளோ பெரிய டிவி வாங்கிட்டு ரெண்டு பக்கமும் தார் பூசி வெச்சுப் பாக்கறதா? கறுப்பு அப்படியே நின்னா திரையில தழும்பு விழும்னு கடைக்காரன் சொன்னான்."

"கடைக்காரன் சொல்லிட்டானா, அப்ப சரி. பெத்தவ சொன்னாத்தான் நீ யோசிக்கணும்."

ரெண்டாவது வேஷத்துல எல்லாரும் பெரிசா வந்தாங்க, தலை மட்டும் வரல. சீரியல்ல தாலி கட்டறாங்க, மாப்பிள்ளை கழுத்துக்கு மேல ஆளைக் காணோம். மாமியார் வேஷக்காரி அழறா, வாயும் நகையும் மட்டும் தெரியுது. சீரியலுக்கு அது போதும்தான்.

மூணாவதுதான் புத்திசாலி வேஷமாம். நடுவுல இருக்கறதை அப்படியே விட்டுட்டு ஓரத்தை மட்டும் இழுக்கும். கதாநாயகி வாசல் வழியா குண்டா நுழையறா, நடுவுல வந்து ஒல்லியா நின்னு அழறா, அந்தப் பக்கம் மறுபடியும் குண்டா போயிடறா. பத்தியம் வேண்டாம், வாக்கிங் வேண்டாம், திரைக்கு நடுவுல நின்னா போதும்.

கடைசியில என் மகன் எல்லாத்தையும் ஒரே சீரா இழுக்கற வேஷத்துலயே நிறுத்திட்டான். ஒரு மாசத்துல எல்லாருக்கும் அதுவே பழகிப் போச்சு. தெருவுல நேர்ல பாக்கற ஜனங்கதான் இளைச்சுப் போன மாதிரி தெரிஞ்சாங்க.

வீட்டுக்குள்ள நான் என்ன சொன்னாலும் வெளியில எங்க டிவியை விட்டுக் குடுப்பேனா? எதிர் வீட்டுல தையல்காரர் பொண்டாட்டி. அவங்க வீட்டுல இன்னும் பழைய பொட்டி டிவிதான், மேல பூப்போட்ட துணி, துணி மேல பொம்மை. ஒரு நாள் குழாய்கிட்ட வெச்சு, "உங்க பொட்டி இன்னும் உசுரோட இருக்கா? எங்க வீட்டுக்கு வந்து பாரு, தியேட்டர் மாதிரி இருக்கும்"னேன்.

"ஜன்னல் வழியா பாத்தேன் யக்கா," அப்படின்னா அவ. "எல்லாரையும் சப்பாத்தி மாதிரி தேச்சு வெச்சிருக்கீங்க."

அன்னியிலேர்ந்து நான் அவகிட்ட பேசறதை நிறுத்திட்டேன்.

அப்புறம் போன மாசம் குழாயில தண்ணி சரியா வராம குடத்தோட வரிசையில நின்னுக்கிட்டு இருந்தோம். கேபிள்காரங்களோட லோக்கல் சேனல்லேர்ந்து ஒரு பொண்ணு மைக்கோட வந்துது. நேரா என்கிட்ட வந்து, "அஜ்ஜி, நீரு பருத்தா?"ன்னு கன்னடத்துல கேட்டுது, பாட்டி, தண்ணி வருதான்னு. நானும் கன்னடத்துலயே சொன்னேன். தமிழ்ல சொன்னா இதுதான்: "தண்ணி வராம என்ன? எங்க மாப்பிள்ளை மாதிரி வருது. எப்ப வரும்னு சொல்லாது. வந்தா வீட்டுல இருக்கற குண்டான் குடமெல்லாம் எழுந்து நிக்கணும். நாம தயாராகறதுக்குள்ள கிளம்பிப் போயிடும்."

வரிசையே சிரிச்சுது. கேமராக்காரன் தோள் குலுங்கிச்சு. சாயந்திரம் ஏழு மணி செய்தியில வரும்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு.

அன்னிக்கு எனக்கு வேலை ஓடல. இத்தனை வயசுல நான் என்னைத் திரையில பாத்ததே இல்லை. அஞ்சு கல்யாணம் செஞ்சு வெச்சேன், அஞ்சு வீடியோவுலயும் நான் சமையல் பந்தல்ல இருப்பேன், இல்லன்னா யாரோட முதுகுக்குப் பின்னாலயாவது இருப்பேன். ஒரு தரம், நான் பேசறப்ப எப்படி இருக்கேன்னு பாக்கணும். அவ்வளவுதான் கேட்டேன்.

ஏழு மணிக்கு எல்லாரும் உக்காந்தாச்சு. நான் நல்ல புடவை கட்டிக்கிட்டேன், டிவிக்குள்ள இருக்கறவ பழசுதான் கட்டியிருப்பான்னு தெரிஞ்சும்.

"இன்னிக்கு மட்டும் கறுப்புப் பட்டையைப் போடுடா. என்னை இருக்கற மாதிரி பாத்துக்கறேன்."

"முதல் தடவை டிவியில வர்ற. உன்னைச் சின்னதா காட்டுவேனா? முழுத்திரையில வாம்மா!"

வந்தேன். முழுத்திரையிலதான் வந்தேன். யாரோ வசதியான வீட்டு அம்மா குடத்தோட நின்னுக்கிட்டு இருந்தா.

"அத்தை, நல்லா புஷ்டியா இருக்கீங்க!" மருமக இது.

"பாட்டி மாதிரியே இல்லப்பா. மாத்துங்க!" பேத்தி இது.

மாத்தினான். என் தலை போச்சு. "தலை! தலை!"ன்னு எல்லாரும் கத்தறாங்க. திரும்ப மாத்தினான். நான் ஓரமா நின்னிருந்தேன் போல, ஒரு கன்னம் பூசணி, ஒரு கன்னம் சுண்டைக்காய். இன்னும் எதையோ அமுக்கினான். என் வாய் மேலயே இங்கிலீஷ்ல டிவியோட பட்டியல் ஒண்ணு வந்து உக்காந்துது. அது விலகினப்ப நகைக்கடை விளம்பரம். அது மட்டும் கச்சிதமா இருந்துது.

"சூப்பரா பேசினம்மா," அப்படின்னான் மகன்.

"என்ன பேசினேன், சொல்லு?"

அவன் பொண்டாட்டியைப் பாத்தான், அவ மகளைப் பாத்தா. அந்த நேரம் பாத்து பெரிய மகள்கிட்டேர்ந்து போன். "அம்மா, அவரு செய்தி பாத்துட்டாரு. எந்த மாப்பிள்ளைன்னு கேக்கறாரு." பாருங்க, அவங்க வீட்டுலயும் பழைய டிவிதான். ஒரு சொல் விடாம போய்ச் சேர்ந்திருக்கு.

காலையில எட்டு மணிக்கு அதே செய்தியை மறுபடியும் போடுவாங்கன்னு பேத்தி சொல்லியிருந்தா. ஆனா காலையில மகன் ஷிஃப்டுக்குப் போயிட்டான், மருமக கார்மென்ட்ஸுக்கு, பேத்தி காலேஜுக்கு. நான் டிவியைப் போட்டா அது இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுக்கிட்டு நிக்குது. ரிமோட்டை அமுக்கினேன், இன்னொரு கேள்வி கேட்டுது. கதவைச் சாத்திட்டு எதிர் வீட்டு வாசல்ல போய் நின்னேன். ஊதுவத்தி கம்பெனி மேஸ்திரி முன்னாலகூட நான் அப்படி நின்னதில்லை.

"சும்மாதான், சும்னே வந்தேன்."

"எட்டு மணிக்கு யாரும் சும்னே வர மாட்டாங்க. உள்ள வா யக்கா, ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்." டிவியை ஏற்கனவே போட்டிருந்தா. "எங்க பொட்டிக்கு உசுரு இருக்கா, நல்லா பாத்துச் சொல்லு."

ஸ்டூல்ல உக்காந்தேன்.

வந்துது. ஒரு கிழவி. கழுத்து எலும்பு தெரியுது, ரவிக்கை கை தொளதொளன்னு இருக்கு, குடம் அவளை விட அகலம். இவ்வளவுதானா நான்? என் மகன் இழுத்துக் காட்டின அம்மாவே தேவலாமோன்னு நினைச்சேன், பொய் சொல்ல மாட்டேன். அவளைப் பாத்தாலாவது மூணு வேளை சாப்பிட்டவ மாதிரி இருந்துது. அதுக்குள்ள கிழவி வாயைத் திறந்தா. மாப்பிள்ளை மாதிரி வருதுன்னா. முகத்துல ஒரு சிரிப்பு இல்லை, அப்படியே நிறுத்தி நிறுத்திச் சொன்னா. குரல் கணீர்னு இருந்துது. இவளை எனக்குத் தெரியும்னு தோணிச்சு.

பக்கத்துல இருந்தவ திரையைத் தொட்டுக் காட்டினா. "இதோ பாரு யக்கா, உன் பின்னால நான்!" ஆமா, வரிசையில வாயைப் பொத்திச் சிரிச்சுக்கிட்டு நிக்கறா. "உங்க பெரிய டிவியில நான் எப்படி இருந்தேன்?"

"எங்க டிவியில என் தலையே தெரியல. உன்னை எங்கேர்ந்து தேடறது?"

ரொம்ப நேரம் சிரிச்சா. நானும்தான். இட்லி வெச்சா, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.

சாயந்திரம் மகன் வந்ததும் சொல்லிட்டேன், இனிமே கறுப்புப் பட்டைதான்னு.

"ரெண்டு பக்கமும் இடம் வீணாகுதேம்மா."

"அந்த இடத்துல யாரும் இல்லடா. ஆளில்லாத இடத்துக்காக இருக்கறவங்களைப் போட்டு இழுக்காதே."

இப்ப நான் முன்ரூம்ல இருந்தா கறுப்புப் பட்டை இருக்கும். நான் குளிக்கப் போனா எல்லாரும் குண்டாயிடறாங்க. கிரிக்கெட்டை மட்டும் எப்பவும் இழுத்துத்தான் பாக்கறான்; முட்டையைப் போடறாங்க, முட்டையை அடிக்கறாங்க. அதை நான் கண்டுக்கறதில்லை. பெரிய மனசு எனக்கு.

கண்ணு, பாட்டி எழுதி முடிச்சுட்டேன், இங்க வா. இதை ஆரம்பத்துலேர்ந்து ஒரு தரம் படிச்சுக் காட்டு. நீ ஸ்கூல்ல தமிழ் படிக்கல, எழுத்துக் கூட்டித்தான் படிப்ப, பரவாயில்லை, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. சத்தமா படி. உங்கப்பன் முன்ரூம்ல மேட்ச் பாக்கறான், அவன் காதுலயும் விழட்டும்.