தடித்த பக்கம் மேலே

கரமனைப் பாலத்தில் பைக் சறுக்கி விழுந்து மேலுதட்டில் தையல் போட்டபோது, டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, இனி டிரம்பெட் ஊத முடியுமா என்பது. அவர் சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எங்கள் சபை பேண்டில் முதல் டிரம்பெட் நான். ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையின் கடைசிப் பாட்டில் வரும் உச்ச ஸ்வரம் முதல் டிரம்பெட்டுக்கு மட்டும் சொந்தம். அந்த ஒரு ஸ்வரத்துக்காகத்தான் வருஷம் முழுக்க எல்லாரையும் சகித்துக்கொண்டு பேண்டில் இருக்கிறேன். தையல் பிரித்த பிறகு, டிரம்பெட் முனையில் செருகி ஊதும் பழைய மவுத்பீஸை உதட்டில் வைத்தாலே தழும்பு வெடித்தது. பயிற்சியின்போது சட்டையில் ரத்தம் சொட்டியதை பேண்ட் லீடர் பார்த்துவிட்டார்.

“இனி ஒரு துளி ரத்தம் கண்டேன்னா உனக்குப் பின்வரிசைதான், கேட்டியா மக்கா? உன் நல்லதுக்காக்கும் சொல்லுகேன்.”

துபாயில் இருக்கும் மைத்துனர் ஒரு விசித்திரமான மவுத்பீஸை அனுப்பினார். விளிம்பு ஒரு பக்கம் பட்டையாகத் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. தடித்த பக்கம் மேலுதட்டில் உட்கார்ந்தால் அழுத்தம் பரவும், தழும்பு தப்பிக்கும்.

“இதென்ன சாதனம்? யாரோ மிதிச்சது போல இருக்கு” என்றாள் மனைவி.

முதல் வாரம் காற்று ஓரத்தில் ஒழுகியது. நான் எழுப்பிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் கொடுத்தது. ஒருநாள் கோபத்தில் மவுத்பீஸைக் கட்டில்மேல் வீசினேன். பிறகு மெல்ல மெல்ல உதடு படிந்தது. ரத்தம் வரவில்லை.

ஈஸ்டர் அன்று கடைசிப் பாட்டுக்கு முன் போதகரின் ஜெபம் நீண்டது. ஜெப நேரத்தில் மவுத்பீஸைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திச் சூடாக வைத்திருப்பது எங்கள் பேண்டில் எல்லாருக்கும் பழக்கம். ‘ஆமென்’ சொன்ன கையோடு பாட்டு தொடங்கிவிடும். கண் திறக்கும் முன்பே கை அதைச் செருகி ஒரு முறுக்கு முறுக்கிவிடும். விளிம்பு எங்கும் ஒரே அளவான பழைய மவுத்பீஸுக்கு அது போதும். அன்றும் என் கை அதையே செய்தது. வாயில் வைத்ததும்தான் தெரிந்தது: மெலிந்த விளிம்பு தழும்பின்மேல் இருந்தது.

திருப்பி வைக்க இடைவெளியே இல்லை. முதல் டிரம்பெட் நின்றால் பாட்டு தடுமாறும். இரண்டாம் சரணத்தில் உதட்டின் உட்பக்கம் பிளந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. பக்கத்தில் இரண்டாம் டிரம்பெட்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். உனக்கு விட்டுத்தர மாட்டேன் ஐயா என்று மனசுக்குள் கறுவினேன். உச்ச ஸ்வரம் வந்தது. கண்ணில் நீர் முட்ட ஊதினேன். கடைசிவரை அது உடையவில்லை.

பாட்டு முடிந்ததும் லீடர் வந்து தோளில் தட்டினார்.

“கொள்ளாம் மக்கா! அந்தக் கோணல் சாதனம் உன்னக் காப்பாத்திட்டு, பாத்தியா? வலி ஏதும் உண்டா?”

வாயில் ஊறியதை விழுங்கிவிட்டு, உதட்டைப் பிரிக்காமல், இல்லை என்று தலையாட்டினேன்.