டிவி தொழிற்சாலையில் நான் பேசிய தமிழ்

இந்த வலைப்பதிவில் நான் வழக்கமாக எழுதுவது கோயில் பயணங்கள். எந்த ரயில், செருப்பை எங்கே விடுவது, பிரசாதம் எத்தனை மணிக்கு என்று எழுதினால் நாலு பேருக்கு உதவும். இந்த முறை போனது ஒரு டிவி தொழிற்சாலைக்கு. அதுவும் பூஜைக்குத்தான். விஸ்வகர்மா பூஜை செப்டம்பர் மத்தியில், நமக்குப் புரட்டாசி பிறக்கும் நாளையொட்டி வரும். நம் ஆயுத பூஜை மாதிரிதான். ஆனால் நான் இருக்கும் கொல்கத்தாவில் யானையோடு சிலை வைத்து, பெரிய ஆலையிலிருந்து ரிக்‌ஷா ஸ்டாண்டு வரை கொண்டாடுவார்கள். கருவிகளுக்குப் பொட்டு வைத்துவிட்டால் அன்று அவற்றைத் தொடமாட்டார்கள். சில தொழிற்சாலைகள் அன்றைக்கு மட்டும் கேட்டைத் திறந்து, வேலை செய்கிறவர்களின் வீட்டாரை உள்ளே விடும். "நாமும் போய்ப் பார்க்க முடியுமா?" என்று இரண்டு வாசகிகள் கேட்டிருந்தீர்கள். முடியும். போன இடத்தில் நான் செய்து வைத்த காரியத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லேக் மார்க்கெட்டில் பதினொரு வருடமாக எனக்குப் பூ கொடுப்பவள் ஷெஃபாலி. நங்கியிலிருந்து தினமும் முதல் ரயிலில் கூடையோடு வருவாள். அவள் மகள் மௌவுக்கு இருபத்துமூன்று வயது. அவர்கள் ஊர்ப்பக்கம் உள்ள தொழிற்பேட்டையில் டிவி பூட்டும் லைனில் வேலை. கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. மௌவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது.

அங்கே பெண்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். ஒப்பந்தம் முடிகிற மாதத்தின் கடைசியில் கேட்டருகே ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். பெயர் இருந்தால் இன்னும் ஆறு மாதம் வேலை. வயிறு தெரிந்த பெண்ணின் பெயர் அதில் வந்து பார்த்ததில்லை என்றாள் ஷெஃபாலி. செப்டம்பர் பட்டியலில் மட்டும் மௌவின் பெயர் வந்துவிட்டால் பிரசவம் ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்துவிடும். சம்பளத்தோடு விடுப்பு கேட்கலாம். அதற்காக இரண்டு அளவு பெரிய நீலச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் கிட்டயும் வாய விட்டுடாதீங்க மாஷிமா" என்றாள் ஷெஃபாலி. என் வயதுப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் பேசுவது வங்காள மொழி. நான் தமிழாக்கி எழுதுகிறேன். "சாமிக்குப் போற பூ கையில இருக்கு, சொல்ல மாட்டேன்" என்றேன்.

காலை 9.10க்கு லேக் மார்க்கெட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் 9.42க்கு பட்ஜ்பட்ஜ் லோக்கல், பெண்கள் பெட்டி. ஷெஃபாலி அன்று சீக்கிரமே வியாபாரத்தை முடித்துக்கொண்டு என்னோடு ஏறினாள். நங்கிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், முப்பத்திரண்டு நிமிடம். மாஜேர்ஹாட் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் மொட்டை மாடிகளில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பூஜைக்கு அதுவும் ஒரு வழக்கம்.

நங்கியிலிருந்து தொழிற்பேட்டை நாலரை கிலோமீட்டர். டோட்டோ என்று இங்கே சொல்லும் பேட்டரி ரிக்‌ஷாதான் வசதி, ஆளுக்குப் பதினைந்து ரூபாய். எங்களிடம் வாங்கவில்லை, ஏனென்றால் ஓட்டி வந்தது மௌவின் கணவன் பாபி.

"மாஷிமா, மௌ கையில ஒரு ஷிப்டுக்கு ஐநூறு டிவி போகுது. எங்க வீட்டுல ஒண்ணுதான். அதுவும் தட்டினாத்தான் ஓடும்" என்றான்.

"டிவிய தட்டறவன் ரோட்டுப் பள்ளத்தயும் கொஞ்சம் பாத்து ஓட்டினா தேவல" என்றாள் மாமியார்.

10.50க்கு கேட்டை அடைந்தோம். ஒரு தொழிலாளிக்கு இரண்டு விருந்தாளிதான் என்பதால் பாபி வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டான். ஆதார் அட்டையைக் காட்டி, போனைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மௌ சிவப்புச் சேலையில் நின்றாள். மற்ற நாளில் கையில் வளையல் கூடாது. மின்சாரம் பாய்ந்து டிவியின் சர்க்யூட் பலகை கெட்டுவிடும் என்று கல்யாணமான பெண்கள் அணியும் சங்கு வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிடுவார்களாம். அன்றைக்கு மட்டும் விதிவிலக்கு.

நான் லேக் மார்க்கெட்டிலிருந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தேன். இந்தப் பெண்ணுக்கு நம் வழக்கப்படி யார் செய்யப்போகிறார்கள் என்று ஓர் ஆசை. வங்காளிகள் கண்ணுக்கு அது வெறும் பூஜை வளையல்தானே? பந்தல் ஓரமாக மௌவை உட்காரவைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். அவள் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வளைகாப்பா நடக்குது?"

தமிழ். நிமிர்ந்தால் கழுத்தில் அடையாள அட்டையோடு முப்பது வயதுப் பையன். பெயர் செல்வகுமார், வாலாஜாபாத் பக்கம். லைனை ஓடவிட்டுப் பழக்கித் தருவதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஏழு மாதத்துக்கு முன் அனுப்பியிருந்தார்களாம். நானும் என் ஊரைச் சொன்னேன்.

"பாளையங்கோட்டையா நீங்க? கிச்சடி போடறாங்கன்னு சொன்னாங்கம்மா. நான் ரவா கிச்சடின்னு ஆசையா வந்து நிக்கறேன். அரிசியும் பருப்பும் குழைச்சு ஊத்தறாங்க."

"இங்க அதாம்ப்பா கிச்சடி. வந்த புதுசுல நானும் அப்படித்தான் ஏமாந்தேன்."

இருவரும் சிரித்தோம். ஷெஃபாலியும் மௌவும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எத்தனாவது மாசம்?" என்றான்.

"அஞ்சு முடியப்போவுது. வெளிய சொல்லிராத தம்பி" என்றேன்.

இந்த ஊரில் எனக்கு இருபத்தாறு வருடம். பஸ்ஸில், மாடிப்படியில், டாக்டர் வீட்டு வரிசையில், யார் முன்னாலும் எதையும் தமிழில் பேசிவிடுவோம். பக்கத்தில் நிற்பவரின் மூக்கைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறோம். எங்களுக்குத் தமிழ் கதவைச் சாத்திக்கொண்ட அறை மாதிரி. அந்த அறைக்குள்ளேயே ஓர் அதிகாரி நிற்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில் அவன் அதிகாரி என்றே தோன்றவில்லை, ஊர்ப் பிள்ளை என்றுதான் தோன்றியது.

பன்னிரண்டேகாலுக்கு ஆரத்தி, பிறகு சாப்பாடு. ஒரு மணிக்குச் செல்வகுமார் எங்களை லைனுக்குக் கூட்டிப்போனான். நீளமான ஹால், நல்ல வெளிச்சம், ஏசி. நடுவில் பெல்ட். மேலே சுருள் கம்பியில் மின்சாரத் திருப்புளிகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு, துண்டுச் சாமந்தி. பெல்ட்டின் இருபுறமும் சேர்த்து நாற்பது பெண்கள் நிற்பார்களாம். மௌவின் வேலை டிவியின் பின்மூடியில் பதினான்கு ஸ்க்ரூ முடுக்குவது. நாற்பத்தைந்து வினாடிக்கு ஒரு டிவி நகரும்.

உட்கார எதுவும் இல்லை. கேட்டேன். "உக்காந்தா கை வேகம் குறையும்மா" என்றான். தரையில் ஒவ்வொருத்திக்கும் நிற்கும் இடம் குறித்து மஞ்சள் பெயிண்டில் இரண்டு பாதம் வரைந்திருந்தார்கள். கோகுலாஷ்டமிக்கு மாக்கோலத்தில் நாம் போடும் பாதங்கள் வீட்டுக்குள் நடந்து வரும். இவை எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறவை. தூணில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். லைனுக்கு ஒரே அட்டை. ஷிப்டுக்கு முன்னால் மௌ தண்ணீர் குடிப்பதில்லை என்று ஷெஃபாலி ரயிலில் சொன்னதன் காரணம் அப்போது புரிந்தது.

"இந்த லைனே என் பொறுப்புதான்மா. மாசக் கடைசி பட்டியல் கூட நான் எழுதித்தான் மேல போகும்" என்றான், பெருமையாகத்தான்.

"தம்பி, நான் சொன்னத மறந்துரு" என்றேன்.

"விடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

அன்று முழு விடுமுறை என்று நினைத்திருந்தேன். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. துர்கா பூஜை விற்பனைக்குச் சரக்குப் போதவில்லையாம், மதிய ஷிப்டு ஓட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பொட்டு வைத்த திருப்புளியைப் பொட்டோடு கையில் எடுத்தார்கள். சாமந்தியைக் கிள்ளி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டார்கள். பூஜை செய்த புரோகிதர் தட்சிணையோடு அப்போதுதான் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

பார்வையாளர்களுக்கான கண்ணாடி நடைபாதையில் எங்களை நிறுத்தினார்கள். மௌ நீலச் சட்டை மாற்றி, வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தன் மஞ்சள் பாதத்தின் மேல் நின்றாள். பெல்ட் நகர்ந்தது. 2.20 இருக்கும், செல்வகுமார் ஆபீஸ் அறையிலிருந்து ஒரு ஸ்டூலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவள் பின்னால் போட்டான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையசைத்தான். முருகா, நல்ல பிள்ளை என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

முப்பத்தொன்பது பேர் திரும்பி அந்த ஸ்டூலைப் பார்த்தார்கள். மௌ உட்காரவில்லை. அவளும் அதைத்தான் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குள் அடுத்த டிவி வந்துவிட்டது.

மறுநாள் ஷெஃபாலி எனக்குப் பூ எடுத்து வைக்கவில்லை.

"மௌ கேக்கச் சொன்னா. மாஷிமா அவன் கிட்ட என்ன சொன்னாங்கன்னு."

நான் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் உங்க பாஷையில சிரிச்சீங்க. ஊர்க்கதை பேசறீங்கன்னு நானும் பல்லைக் காட்டிட்டு நின்னேன். எம் பொண்ணு வயித்தத்தான் பேசிட்டிருந்தீங்களா?"

வீட்டுக்கு வந்து செல்வகுமாருக்குப் போன் செய்தேன். எண்ணை அவனே கொடுத்திருந்தான்.

"தெரிஞ்சப்புறம் நிக்க வெச்சு வேலை வாங்க மனசு வரலம்மா. அது தப்பா?"

"தப்பில்ல. பட்டியல்ல பேரு வருமா?"

"ஒரு ஸ்டூல் ஏன் போட்டேன்னு மேலருந்து மெயில்ல கேட்டிருக்காங்க. காரணம் எழுதணும்."

"என்ன எழுதின?"

"உள்ளதத்தான் எழுதினேன். நானும் ஒப்பந்தம்தான்மா. எட்டாம் மாசத்துல அது லைன்ல மயங்கி விழுந்தா என்னைத்தான் கேப்பாங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அது உண்மை. அவனைத் திட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

மாதக் கடைசியில் பட்டியலைப் போய்ப் பார்த்தது பாபி. பெயர் இல்லை. அலிப்பூரில் ஒரு வக்கீலிடம் மௌவையும் ஷெஃபாலியையும் கூட்டிப்போனேன். கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இவர்கள் நீக்கவில்லை, ஒப்பந்தம் முடிந்தது என்பார்கள் என்றார் அவர். வழக்குப் போடலாம், தீர்ப்பு வரும்போது குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் என்றும் சொன்னார். மௌ எழுந்து வெளியே போய்விட்டாள்.

இப்போது ஒரு தரகர் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் டிவி ரிமோட்டுகளை வீட்டுத் தரையில் உட்கார்ந்து பூட்டுகிறாள். பார்க்கப் போயிருந்தேன். "இப்ப நாள் பூரா உக்காந்துதான் வேலை மாஷிமா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தேநீரும் கொடுத்தாள்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கட்டாயம். நங்கியிலிருந்து திரும்பும் ரயிலில் மாலை ஐந்துக்கு மேல் கூட்டம் நெரியும், நாலு மணிக்குள் ஏறிவிடுங்கள். உள்ளே உங்கள் பாஷை பேசுகிறவர் யாராவது கிடைப்பார். ஊரைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள். லைனில் நிற்கிற எந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாதீர்கள், நல்ல வார்த்தையானாலும்.

பூஜையன்று தெரிவது அலங்காரம்தான். லைனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வேறு ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு, காலை ஷிப்டு விடும்போது கேட்டுக்கு எதிரே போய் நில்லுங்கள். அனுமதிச் சீட்டு வேண்டாம். போன வாரம் நானும் போய் நின்றேன். மௌவின் இடத்துக்கு வந்திருப்பவள் யார் என்று தேடினேன். எல்லோரும் ஒரே நீலம், தெரியவில்லை. ஒருத்தி மட்டும் கேட்டைத் தாண்டியதும் சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள். சட்டை அவளுக்குப் பெரியதாக இருந்தது.

என்னைப் பார்த்தாள். நான் டோட்டோ வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.