மரத்தை வைத்து மகளை வேவு பார்த்தது

சென்னையில் வேலை கிடைத்திருப்பதாக மகள் சொன்னதிலிருந்து எனக்கு வீட்டில் எல்லாவற்றின் மீதும் சந்தேகம். போகப் போகிறாயா, இங்கே கட்கியிலேயே எங்களோடு இருக்கப் போகிறாயா என்று கேட்டால், "யோசிச்சிட்டு இருக்கேன்ப்பா" என்பாள். போனில் அவள் சூட்கேஸ் படங்களைப் பார்த்தால் சந்தேகம். பார்க்காவிட்டால், ஏற்கெனவே வாங்கி ஒளித்துவிட்டாளோ என்று அதைவிடப் பெரிய சந்தேகம். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் மரம் வாங்க நான், மனைவி, மகள் மூவரும் சாங்வி பக்கம் ஒரு நர்சரிக்குப் போனோம். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் மரத்தின் கால் உடைந்துவிட்டது. நர்சரியில் ஒரு பக்கம் தொட்டியில் வளர்கிற மரங்கள். இன்னொரு பக்கம், மடித்து அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிடுகிற பிளாஸ்டிக் மரங்கள். என் மூளை உடனே வேலை செய்தது. ஊரைவிட்டுப் போகிறவள் மடிக்கிறதை எடுப்பாள். இருக்கப் போகிறவள்தான் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியதை எடுப்பாள். இந்தக் கண்டுபிடிப்புக்காக என்னை நானே மெச்சிக்கொண்டு, ஒரு செம்பருத்திச் செடிக்குப் பின்னால் நின்று நோட்டம் விட்டேன். செம்பருத்தி என் தொப்பையில் பாதியைத்தான் மறைத்தது.

அவள் நேராகப் பிளாஸ்டிக் பக்கம் போனாள். ஒரு மரத்தைக் குடை மாதிரி மடக்கிப் பார்த்தாள்.

"துடைப்பம் மாதிரி இருக்கும்மா அது," என்று குறுக்கே பாய்ந்தேன். "உயிருள்ளதா வாங்குவோம். வீட்டுல காத்து சுத்தமாகும்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு நாள் ஒரு செம்பு தண்ணி ஊத்தினது கிடையாது. இன்னைக்கு என்ன காத்தைப் பத்திக் கவலை?"

"மனுஷன் திருந்தக் கூடாதா?"

"திருந்தலாம். இவ்வளவு அவசரமாத் திருந்தினாத்தான் இடிக்குது."

மகள் சிரித்துக்கொண்டே தொட்டிகள் பக்கம் வந்து, முழங்கால் உயரத்தில் ஒரு மரத்தை எடுத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எப்படி வளர்ப்பது என்று கடைக்காரரிடம் இந்தியில் விசாரித்தாள். நேர் வெயில் கூடாது, வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் போதும் என்றார். அவள் அதைப் போனில் தட்டினாள். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

"எனக்கு எதுக்கும்மா அனுப்புற?"

"நீங்கதானேப்பா ஊத்தணும்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ரோஜாச் செடிகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜனவரில சேரணும்ப்பா," என்றாள் மகள்.

நான் கடைக்காரரிடம், இந்த மரம் சென்னை வெயிலைத் தாங்குமா என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். கஷ்டம் என்று உதட்டைப் பிதுக்கினார்.

"பாரு, மரமே போவ மாட்டேங்குது."

"மரத்துக்கு அங்க வேலை கிடைக்கலையேப்பா."

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் உட்கார்ந்தேன். இலை மூக்கைக் குத்தியது. மகள் போனில் யாருடனோ பேச ஆரம்பித்ததும், மனைவி பக்கம் சாய்ந்து, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"கேக்குக்குத் திராட்சை ஊறப்போட்டோமே, அன்னைக்கே சொல்லிட்டா."

அன்று நானும் அதே மேஜையில்தான் இருந்தேன். அவர்கள் பார்க்காத நேரம் பார்த்துத் திராட்சையைத் திருடித் தின்றுகொண்டிருந்தேன்.